பூத்தையல்காரியின் பயணக் குறிப்புகள்: பத்தமடை முதல் சுவாமிமலை வரை

திங்கள், பத்தமடை

துணிப்பைகளிலும் தலையணை உறைகளிலும் கையால் பூத்தையல் போட்டு விற்பது என் தொழில். இந்தத் தொழிலில் இருப்பவர்களை வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்கும் கேள்வி, "அடுத்து என்ன டிசைன்?" என்பதுதான். விடை தேடிக் கைபேசியைத் திறந்தால், எல்லோரும் அதே மாங்காயையும் அதே மயிலையும் தைத்துக்கொண்டிருப்பது தெரிகிறது. ஆகவே இந்த வாரம் படங்களை ஒதுக்கிவிட்டு, பொருள்கள் உருவாகும் இடங்களுக்கும் அவை அன்றாடம் புழங்கும் இடங்களுக்கும் நேரில் போய்ப் பார்ப்பது என்று கிளம்பிவிட்டேன். எனக்கு நானே விதித்துக்கொண்ட நிபந்தனை ஒன்று உண்டு: கண்ணில் படும் உருவங்களை வரைந்துகொள்வதில்லை, அவற்றைச் செய்யும் கை என்ன செய்கிறது என்பதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வது.

பத்தமடை, திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி செல்லும் சாலையில், தாமிரபரணிப் பாசனத்தில் செழித்த ஊர். நீர் நிற்கும் இடங்களில் வளரும் கோரைதான் இவ்வூர்ப் பாயின் மூலப்பொருள். பச்சையாக அறுத்த கோரையை நீளவாக்கில் கீறி, உள்ளிருக்கும் தக்கையை நீக்கி, வெயிலில் உலர்த்தி, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்திய பிறகே அது தறிக்கு வருகிறது. நயமான பாய்க்கு வேண்டிய கோரையை இன்னும் மெல்லியதாகக் கிழிக்கிறார்கள். அப்படி நெய்ததைத்தான் பட்டுப் பாய் என்கிறார்கள். அதை மடித்துக் கைக்குட்டைபோல் வைத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர்கள் சொல்வது சற்று மிகைதான் என்றாலும், தொட்டுப் பார்த்தால் அந்த மிகையை மன்னிக்கத் தோன்றுகிறது. 1953-இல் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இவ்வூர்ப் பாய் போன கதையை, வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறார்கள். எனக்கோ அரசிக்குப் போன பாயைவிடத் தறியில் பாதி நெய்து கிடந்த கல்யாணப் பாய்தான் அதிகம் பேசியது.

நெய்பவர்களில் பெரும்பாலோர் லெப்பை முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள். நான் உட்கார்ந்திருந்த வீட்டில் பாவு நூலைத் தரையோடு தரையாக நீட்டிக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கோரையாகக் குறுக்கே செலுத்தி, அச்சுக்கட்டையால் அடித்து நெருக்குகிறார்கள். ஊடாகப் போவது நூற்கண்டிலிருந்து வரும் முடிவற்ற நூல் அல்ல, தனித்தனிக் கோரை என்பதால், கோரையின் நீளமே பாயின் அகலத்தைக் கட்டுப்படுத்துகிறது. சிவப்பு வேண்டிய இடத்தில் சிவப்புக் கோரை போகிறது, அவ்வளவுதான். முன்பெல்லாம் அந்தச் சிவப்புக்குப் பதிமுகக் கட்டையைக் கொதிக்கவைத்தார்கள். இன்று பெரும்பாலும் கடைச் சாயம்.

கல்யாணப் பாயில் மணமக்களின் பெயர்களை நெய்வது வழக்கம். தறியில் கிடந்த பாயில் மணமகள் பெயரின் கடைசி எழுத்துகள் உருவாகிக்கொண்டிருந்தன. தமிழ் எழுத்தில் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை. தறியிலோ வளைவுக்கு இடமே இல்லை. நெடுக்கும் குறுக்கும் மட்டுமே போகக்கூடிய இடத்தில் ஒவ்வொரு வளைவும் படிக்கட்டாக உடைகிறது. 'ழ'கரத்தின் அடிச்சுழி படிப்படியாக இறங்கி, ஓரிடத்தில் நேராக நடந்து, பிறகு ஏறியது. அச்சில் பார்த்துப் பழகிய எந்த எழுத்துருவைவிடவும் அது எனக்கு அழகாகத் தெரிந்தது. "அக்கா, இந்தச் சுழியை இன்னும் கொஞ்சம் வட்டமாகக் கொண்டுவர முடியாதா?" என்று வேண்டுமென்றே கேட்டேன். "வட்டமா வேணும்னா பேனாவால எழுதிக்கிட வேண்டியதுதாம்மா. தறியில இப்படித்தான் வரும்" என்றார், தலையைத் தூக்காமலே.

நோட்டில் இன்று எழுதியது: குறுக்கே ஒன்று, மேலே ஒன்று தூக்கு, மறுபடி குறுக்கே ஒன்று. பூத்தையலில் எண்ணித் தைக்கும் முறையும் இதுவேதான், துணியின் இழைகளை எண்ணிக்கொண்டு போவது. ஆனால் நாம் அதில் ரோஜாப்பூவை வரவழைக்கப் பாடுபட்டு, படிக்கட்டு தெரியாமல் மறைக்கத்தான் பார்க்கிறோம்.

செவ்வாய், மதுரை

மதுரைக்குப் போகும் பேருந்தில் பெரும்பாலும் தூங்கினேன். எழுதும்படியாக ஒன்றும் இல்லை.

மாலையில் தெற்கு மாசி வீதியில் பூக்கட்டும் ஓர் அம்மாவின் எதிரே, அவர் அனுமதியோடு, வெகுநேரம் நின்றேன். இடக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வாழைநார். அதன்மேல் இரண்டு மல்லிகை மொட்டுகள் இந்தப் பக்கம் தலைவைத்து, இரண்டு அந்தப் பக்கம் தலைவைத்து, காம்போடு காம்பு குறுக்காகப் படுக்கின்றன. வலக்கை நாரை ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணியாக்கி, காம்புகளின்மேல் இறக்கி, சுருக்கென்று இழுக்கிறது. இழுப்பு கூடினால் காம்பு நறுங்கிவிடும், குறைந்தால் பூ நழுவிவிடும். இடையில் வருகிறவர்களிடம் விலை பேசுகிறார், சில்லறை கொடுக்கிறார், பேரனை அதட்டுகிறார். கண் பூவின்மேல் இல்லவே இல்லை. கேட்டவருக்கு முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து ஒரு முழம் கொடுக்கிறார். உயரமான பூக்காரியிடம் வாங்கினால் லாபம் என்று பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார்.

அதே வீதிகளில்தான் சுங்குடிக் கடைகளும் இருக்கின்றன. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிர சமூகத்தார் வழிவழியாகச் செய்துவந்த முறை இது: துணியை மடித்துப் புள்ளிகளுக்கான இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் துணியை நுனிவிரலால் கிள்ளித் தூக்கி, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சிடுவது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். பின்பு சாயத்தில் தோய்த்து, உலர்த்தி, முடிச்சுகளை அவிழ்த்தால், நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி நிற்கும்.

இப்போது கடைகளில் தொங்குவதில் பெரும்பங்கு அச்சிட்ட சேலைகள். அவற்றைக் குறைசொல்ல நான் வரவில்லை, தினப்படி உடுத்த அவை போதும். ஆனாலும் பெட்டிக்குள்ளிருந்து கடைக்காரர் எடுத்துக் காட்டிய முடிச்சுச் சேலையை அச்சுச் சேலையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வேறுபாடு கண்ணில் அறைந்தது. அச்சுப் புள்ளி சுத்தமான வட்டம். துணியைத் திருப்பினால் வெளிறிப்போகிறது. முடிச்சுப் புள்ளி வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. நடுவில் கிள்ளிய நுனியில் மட்டும் கடுகளவு சாயம் ஏறியிருக்கிறது. துணியைத் திருப்பினாலும் அதே அழுத்தம். புதுச்சேலையில் ஒவ்வொரு புள்ளியும் சிறு கொப்புளமாக மேலெழுந்து விரலில் தட்டுப்படுகிறது.

பூக்கட்டும் அம்மாவும் சுங்குடி முடிபவரும் செய்வது ஏறத்தாழ ஒரே வேலை: கிள்ளு, சுற்று, இழு. என் தொழிலிலும் அது இருக்கிறது. முடிச்சுத் தையலில் ஊசிமேல் நூலைச் சுற்றி இழுக்கிறோம். நாங்கள் அதற்கு முன் அளவுகோலும் சுண்ணக்கட்டியும் வைத்துத் துணியெல்லாம் புள்ளிவைத்து, கடைசியில் அந்தச் சுண்ணத்தைக் கழுவ முடியாமல் அல்லாடுவோம். துணியை நான்காக, எட்டாக, பதினாறாக மடித்து நகத்தால் தேய்த்தாலே மடிப்புகள் வெட்டிக்கொள்ளும் இடங்கள் தெரியும். முடிச்சுகளை அங்கே போட்டுக்கொண்டு போகலாம். இன்று இரவு விடுதியில் ஒரு கைக்குட்டையில் அதைச் செய்துபார்த்தேன். வரிசை நேராக வருகிறது. துணி மடிந்த விதத்துக்கேற்ப எங்கோ ஒரு வரிசை மட்டும் மிக லேசாகச் சாய்கிறது. அந்தச் சாய்வை அப்படியே விட்டுவிடப் போகிறேன்.

புதன், ஆத்தங்குடி

காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடி, தரையில் பதிக்கும் பூக்கற்களுக்குப் பேர்போனது. பட்டறைக்குள் நுழைகிறவரை இதைச் சூளையில் சுடுவார்கள் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நெருப்புக்கு இங்கே வேலையே இல்லை. வேலையெல்லாம் கண்ணாடிக்கு.

மேசைமேல் ஒரு கண்ணாடித் துண்டு. அதைச் சுற்றி இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் தகட்டால் செய்த பூ அச்சு. சாயப்பொடியும் சிமெண்டும் தண்ணீரில் கலந்த குழம்பைச் சிறு கரண்டியால் ஒவ்வோர் அறைக்குள்ளும் ஊற்றுகிறார்கள்: இதழில் மஞ்சள், நடுவில் சிவப்பு, வெளியில் பச்சை. ஊற்றி முடித்ததும் அச்சை நேர்மேலாகத் தூக்குகிறார்கள். அந்தக் கணத்தில் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன, கலப்பதில்லை. குழம்பின் பதம் அப்படி. அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்பொடியைச் சலித்துத் தூவுகிறார்கள், அது மேலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். பிறகு ஈரக்கலவையை நிரப்பி, கரணையால் அழுத்தி மட்டம் செய்கிறார்கள். உலரவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தும்போது கண்ணாடி கழன்று வருகிறது. பளபளப்பு என்று நாம் சொல்வது அந்தக் கண்ணாடியின் வழவழப்பு, கல்லில் பதிந்து நிற்பது.

எனக்கு உறைத்தது இதுதான்: இங்கே வேலை தலைகீழாக நடக்கிறது. பார்க்கிறவர் முதலில் காணப்போகும் பரப்பைச் செய்கிறவர் முதலிலேயே ஊற்றி, அதன்மேல் ஒவ்வொன்றாகப் போட்டு மூடிவிடுகிறார். திருத்த வழியில்லை, கண்ணாடி கழலும்வரை முகத்தைப் பார்க்கவும் வழியில்லை. அச்சு இல்லாமல், ஊற்றிய குழம்பைக் குச்சியால் இழுத்தே பூக்கொடி வரவழைக்கும் கற்களும் உண்டு. அவற்றைச் செய்தவரின் மணிக்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் அதே இழுப்பு, ஆனாலும் வெயிலில் அடுக்கியிருந்த கற்களில் ஒன்றைப்போல் ஒன்று இல்லை.

தையலில் பின்பக்கம் என்பது எங்களுக்குக் கூச்சம் தரும் இடம். முடிச்சுகளும் தாவல்களும் அங்கே ஒளிந்திருக்கும். உள்ளே துணிவைத்து மூடிவிடுவோம். பின்பக்கத்தை நோக்கியபடியே தைத்து, முடித்த பிறகு திருப்பிப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே காரைக்குடி பேருந்து ஏறினேன். சங்கிலித் தையல் பின்பக்கத்தில் வெறும் ஓட்டுத் தையல்போல ஒற்றைக்கோடாகத் தெரியும். எளிமையான அந்தக் கோடு முன்பக்கத்துக்குத் தகுதியில்லாதது என்று யார் சொன்னது?

வியாழன், காரைக்குடி

காலை ஐந்தரை மணிக்கே தெருவில் நீர் தெளிக்கும் ஓசை. கதவைத் திறந்தபோது எதிர்வீட்டு ஆச்சி புள்ளிவைத்து முடித்திருந்தார். ஏழு புள்ளியில் தொடங்கி ஒன்றில் முடியும் ஊடுபுள்ளி. புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைக் கண்ணால் அளப்பதாகத்தான் முதலில் நினைத்தேன். கவனித்துப் பார்த்தால், குனிந்த நிலையில் கை தானாக எவ்வளவு நகருமோ அவ்வளவே இடைவெளி. காலை நகர்த்தும் வரைக்கும் அது மாறுவதில்லை. பிறகு கம்பி இழுத்தார். புள்ளியைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் போய், புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர்ந்தது. "அளவு பிசகாம எப்படி வருது ஆச்சி?" என்றதற்கு, "பிசகினா வாசல்ல இருக்கிறவ நான்தானே, காலால அழிச்சுட்டுப் போடுறேன்" என்றார்.

அவர் தந்த தைரியத்தில், வீட்டிலுள்ள கொட்டான்களைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். பனையின் குருத்தோலையை உலர்த்தி, சீராகக் கிழித்து, சாயத்தில் கொதிக்கவிட்டு முடையும் பெட்டி அது. செட்டிநாட்டுக் கல்யாணங்களில் சீரும் பலகாரமும் வைத்துக் கொடுப்பதற்கானது. பழைய காலத்தில் வீட்டுப் பெண்களே அதன்மேல் மணிகோத்துக் குரோஷா வேலையும் செய்வார்கள். பரணிலிருந்து இறங்கிய கொட்டானின் மணிகளில் பாதி உதிர்ந்திருந்தது. அதனால் உள்ளிருந்த முடைவு நன்றாகத் தெரிந்தது. அடிப்பாகம் சதுரமாகத் தொடங்குகிறது, ஓலைகள் நெடுக்கும் குறுக்குமாக. பக்கச்சுவர் எழும் இடத்தில் அதே ஓலைகள் மடங்கி மேலேறுகின்றன. சதுரத்தில் தொடங்கியது வாயில் ஏறக்குறைய வட்டமாகிவிடுகிறது. மூலைகள் எங்கே மறைந்தன என்று விரலால் தேடிப் பார்த்தும் பிடிபடவில்லை.

இங்கே எனக்கொரு சிறு கோபம் உண்டு. கொட்டானைக் கைவினை என்று கண்ணாடி அலமாரியில் வைக்கிறோம்; அதே ஆச்சி மளிகை வாங்கப் போகும்போது கையில் மாட்டிக்கொள்வது ஒயர்கூடை. பச்சையும் வெள்ளையும் கலந்த பிளாஸ்டிக் ஒயரில், சிவன்கண் முடிச்சுப் போட்டுப் பின்னியது. அதைப் பின்னியவர் பக்கத்துத் தெருப் பெண்மணி. அடி பின்னுவது, சுவர் எழுப்புவது, கைப்பிடியில் ஒயரைச் சுற்றுவது என்று அதிலுள்ள அறிவு கொட்டானில் உள்ளதற்குக் குறைந்ததல்ல. பொருள் பிளாஸ்டிக் என்பதாலேயே நம் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் அரைமணி நேரம் உட்கார்ந்து, கடந்துபோகும் ஒயர்கூடைகளைப் பார்த்தாலே நிறச்சேர்க்கை பற்றி ஒரு வகுப்பு நடத்திவிடலாம். கத்தரிப்பூ நிறத்தோடு கிளிப்பச்சையைத் துணிந்து சேர்ப்பதற்கு எந்த வடிவமைப்புக் கல்லூரியிலும் அவ்வளவு எளிதில் அனுமதி கிடைக்காது.

ஆச்சியின் கூடையைத் திண்ணையில் வைத்துச் சிவன்கண்ணின் ஒரு முடிச்சை எழுதிக்கொண்டேன். நாலு ஒயர், ஒன்றின்மேல் ஒன்று மடங்கி, நடுவில் சின்னச் சதுரக் கண். துணிநாடாவில் இதைப் போட்டால் பையின் வாய்ப்பகுதிக்குப் பொத்தானாகும்.

வெள்ளி, தாராசுரம்

தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணம் வந்துசேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. மாலையில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில். இரண்டாம் இராசராசன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுப்பித்தது. 2004-இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது.

என் நிபந்தனைக்கு உண்மையான சோதனை இந்த இடம்தான். எந்தத் தூணைப் பார்த்தாலும் அப்படியே எடுத்துத் துணியில் இறக்கத் தோன்றும். பலர் இறக்கியும் இருக்கிறார்கள். காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் ரிஷபகுஞ்சரம் எத்தனை பைகளில் அச்சாகிவிட்டது என்று சொல்லி முடியாது. நான் உருவங்களை விட்டுவிட்டு, தூண்களில் வரிசையாக உள்ள சிறு கட்டங்களின் விளிம்பை மட்டும் பார்த்தேன். ஆடுபவர்களும் வித்தை காட்டுபவர்களும் அந்தக் கட்டங்களுக்குள் எந்த இடத்தையும் வீணாக்காமல் அடங்கியிருக்கிறார்கள். தூக்கிய கால் மூலையில் போய் மடங்குகிறது. வளைந்த முதுகு மேல்விளிம்பை ஒட்டுகிறது. கட்டம் இவ்வளவுதான் என்று முதலில் முடிவாகியிருக்கிறது, அந்த வளைவுகள் பிறகு வந்திருக்கின்றன. காளைக்கும் யானைக்கும் ஒரே தலை வாய்த்ததில்கூடக் கல்லின் அகலத்துக்குப் பங்கு இருந்திருக்குமோ என்பது என் ஊகம், அவ்வளவே.

சனி, சுவாமிமலை

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் படிமம் வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவத்தைச் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் படலம் படலமாகப் பூசி உலர்த்தி, சூடுகாட்டி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்க்கிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் படிமத்தை எடுக்க முடியும் என்பதால், அந்த அச்சில் இன்னொன்று வராது. முதல் பூச்சு மண் மிக நைசாக இருக்கவேண்டும், மெழுகில் கீறிய மயிரிழைக் கோட்டையும் அதுதான் ஏந்திக்கொள்கிறது. வெளிப்பூச்சுகள் முரடாக இருந்தாலும் பாதகமில்லை.

இதெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். நான் இரண்டு மணிநேரம் பார்த்தது ஒரு தென்னையோலையை.

ஸ்தபதி ஐயா ஓலையின் ஈர்க்கை நீக்கிவிட்டு, செய்யவேண்டிய உருவத்தின் உயரத்துக்கு அதை நறுக்கினார். பிறகு மடிக்கத் தொடங்கினார். ஓடியோலை என்று பெயர். சிற்ப நூல்கள் உடலின் உயரத்தைத் தாலங்களாகவும், தாலத்தை அங்குலங்களாகவும் பிரிக்கின்றன; பெருந்தெய்வங்களுக்குரிய பத்துத் தால அளவான உத்தம தசதாலத்தில் மொத்தம் 124 அங்குலம். இந்த அங்குலம் கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலம் அல்ல, அந்தந்த உருவத்தின் உயரத்திலிருந்தே பிறப்பது. எனவே சாணளவு படிமத்துக்கு ஒரு சின்ன அங்குலம், ஆளுயரப் படிமத்துக்கு ஒரு பெரிய அங்குலம். நெற்றி, மூக்கு, கழுத்து, மார்பு, நாபி என்று ஓலையில் மடிப்புகள் விழுந்தன. மெழுகின் பக்கத்தில் ஓலையைப் பிடித்து, நகத்தால் மெழுகில் அடையாளம் வைத்தார். எண் எதையும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மதுரைப் பூக்காரி அம்மாவின் முழம் இங்கே நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்? அவர் பூவை உடம்பால் அளந்தார். இவர் உருவத்தை அதன் உடம்பாலேயே அளக்கிறார்.

"அளவெல்லாம் மனப்பாடம்தானே ஐயா, ஓலை எதற்கு?" என்று கேட்டேன். "மனசுல இருக்கிறது கணக்கு. கைக்கு மடிப்புதான் தெரியும்" என்றார். வேலை முடிந்ததும் ஓலையை என்ன செய்வீர்கள் என்றதற்கு, அது சுருண்டு காய்ந்துவிடும், அடுத்ததற்கு வேறு ஓலை வெட்டிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு மெழுகுக்குத் திரும்பினார்.

பைகளுக்கு நான் வைத்திருக்கும் மாதிரிகள் எல்லாம் அளவுநாடாவில் பிறந்தவை. பெரிய பைக்கும் சிறிய பைக்கும் கைப்பிடி ஒரே அகலம், வாய்மடிப்பும் ஒரே அகலம், பூவும் அதே பூ. ஊர் திரும்பியதும் முதலில் ஒரு காகிதப் பட்டையைப் பையின் உயரத்துக்கு வெட்டி எட்டாக மடித்து, ஒவ்வொரு மாதிரியின் பக்கத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். கைப்பிடி ஒரு மடிப்பு, மேல்விளிம்பிலிருந்து தையல் தொடங்கும் இடம் இரண்டு மடிப்பு, அடியில் பத்தமடைப் படிக்கட்டு ஒரு மடிப்பு என்று இப்போதைக்குக் குறித்திருக்கிறேன். சிறிய பையில் படிக்கட்டுக்கு இழைகள் போதுமா என்பதைத் துணியில் எண்ணித்தான் சொல்ல முடியும். போதாவிட்டால் அதற்கு மட்டும் சற்று நைசான துணியாக வாங்கிக்கொள்ளலாம்.